ஓடினால் கார், ஓடாவிட்டால் இரும்பு

"டிப்ளோமாவ ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டலாம் பாப்பா. பானெட்டுக்குள்ள மாட்ட முடியாதுலா."

சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளை இழுத்துச் செல்லும் லோரி ஓட்டுகிறவர். ரவாங்கிலிருந்து பத்தாங் காலி வரை எந்த வண்டி படுத்துக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். அப்படிப்பட்டவருக்கு ஓடுகிற வண்டியைக் கண்டாலே கொஞ்சம் சந்தேகம். செரண்டாவில் எங்கள் வீட்டுப் போர்ச்சில், அப்பாவின் பழைய காருக்கு முன்னால், பால் கலக்காத தே ஓ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். நான் அப்போதுதான், இந்த எஞ்சினை நானே சரிசெய்கிறேன் என்று சொல்லி முடித்திருந்தேன்.

அந்தக் கார் எழுபதுகளில் வந்தது. பிஸ்கட் நிறம், நான்கு கதவு, வட்ட முகவிளக்கு. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவரிடம் வாங்கியது. தோட்டத்தை விட்டு நாங்கள் செரண்டாவுக்கு வந்தபோது எங்களோடு அதுவும் வந்தது. இப்போது அப்பா ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், காவலுக்கு இருக்கிறார். மோட்டார்சைக்கிளில் போய்வருகிறார். கார் பல மாதமாகத் தார்ப்பாய்க்குள் தூங்கியது. கிளப்பினால் கிளம்பும், ஆனால் சந்தை வரை போவதற்குள் கொதித்துப்போய் மூக்கால் ஆவி விடும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், என் அண்ணனுக்குக் கல்யாணம். நலங்கு எங்கள் வீட்டில்தான். கூடாரம் போடப் போர்ச் வேண்டும். காரை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். மாமா ஒரே மூச்சில், இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறேன், எனக்கு வழியில்தான் என்றார். அப்பா சட்டை நுனியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு வந்தது. கல்யாணப் பத்திரிகையை முதலில் அப்பாவின் மூத்த அக்காவுக்கு, தாம்பூலத் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டும். என் பெரியத்தையான அவர் இன்னமும் கோல சிலாங்கூர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம இந்தக் காடியிலயே போவோம். போய்ட்டுத் திரும்பி இங்க வந்து நின்னுச்சின்னா இருக்கட்டும். வழியில படுத்துச்சின்னா அங்கேருந்தே தம்பி இழுத்துட்டுப் போயிரட்டும். ஓடினா காடி, ஓடாட்டி இரும்பு. அவ்ளோதான்."

அப்பா சட்டை நுனியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்ததா, பயம் இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

என் வீட்டில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டி முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் நின்றுவிட்டார். அண்ணன் பதினைந்து வயதில் கையுறை செய்யும் கிலாங்குக்குப் போய்விட்டான். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்து, இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒளித்து வைக்கிற பழக்கம் இல்லை. ஆனால் மாமா சொன்னது கொஞ்சம் குத்தியது உண்மை. தினமும் நான் பார்ப்பது பிளாஸ்டிக் மூடிகள். பாலிடெக்னிக்கில் நான் காதலித்த எஞ்சின் குறுக்கே வெட்டி, தண்ணீர் போகும் பாதைக்கு நீலமும் சூட்டுக்குச் சிவப்பும் பூசி வைத்த எஞ்சின். அது கொதித்ததே கிடையாது.

மறுநாள் காலையிலேயே பானெட்டைத் தூக்கினேன். முன்னால் இருக்கும் விசிறியைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். பல் விழப்போகிற குழந்தையின் பல்லைப்போல அது ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் நோய் அப்படியே கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறிக்குப் பின்னால் இருப்பதுதான் வாட்டர் பம்ப். ரேடியேட்டரில் ஆறின தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதன் அச்சு தேய்ந்துபோயிருந்தது. கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சொட்டி, என்னை மாற்று என்று சொல்லும். அதில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, ஆமாம், சொட்டிக்கொண்டே இருந்தது, அதனால் அடைத்தேன் என்றார். எப்போது என்று கேட்டேன். நீ ஸ்கூலுக்குப் போகையில் என்றார். அவ்வளவு காலமும் அந்தப் பம்ப் வாயில் துணி அடைத்தவளைப்போல முனகிக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் பானெட்டில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு.

புதுப் பம்பை இணையத்தில் தேடிப் பிடித்தேன். வீட்டு முகவரிக்கு வரவழைத்தால் அம்மா வேறு எதையோ நினைத்துப் பிரித்துவிடுவார் என்று தொழிற்சாலைக்கு வரவழைத்தேன். குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து அதைக் கையில் எடுத்தபோது எனக்குக் குடித்ததுபோல் இருந்தது. பளபளவென்று, கனமாக, ஒரு சின்னக் கோயில் மணிபோல. சாப்பாட்டு நேரத்தில் அதன் அச்சை விரலால் சுற்றிச் சுற்றி விட்டேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. பக்கத்து மேசைக்காரி, இது என்ன புது விளையாட்டுச் சாமானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

சனிக்கிழமை முழுக்க வேலை. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திருகி, தண்ணீரை வடிக்க ஒரு பேசினை வைத்தேன். தண்ணீர் வரவில்லை. மஞ்சளாக, கொழகொழவென்று, குழம்பு மாதிரி ஒன்று வந்தது. வாசனையும் அப்படியே. எங்கள் வீட்டுச் சமையலறை பானெட்டுக்குள் இடம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

அது மஞ்சள்தூள். தோட்டத்தில் கார் வைத்திருந்த எல்லாருக்கும் அது ஒரு வைத்தியம். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுவார்கள். தூள் போய் ஓட்டையில் படிந்து அடைத்துக்கொள்ளும். செம்பனைக்கு நடுவில், பட்டறை எதுவும் இல்லாத மண் சாலையில் அது உதவியது என்பதை நான் மறுக்க மாட்டேன். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கக் கூட்டிப்போன அன்றும் வழியில் அப்பா அதைத்தான் ஊற்றினார். நான் விரல் நுனியில் மஞ்சளோடு பதிவு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஆனால் போட்ட மஞ்சள் எங்கே போகும்? வருஷக்கணக்கில் சேர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் சேறாகப் படுத்திருந்தது.

அப்பாவை நிற்க வைத்து, இனிமேல் இந்த எஞ்சினுக்குள் சமையல் சாமான் எதுவும் போகக்கூடாது என்று சொன்னேன். அவர் எதிர்ப்பேச்சு பேசாமல் காருக்குள் தலையை விட்டு, டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு மஞ்சள் பாக்கெட்டை எடுத்து என்னிடம் ஒப்படைத்தார். சமையலறை ஜன்னலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இரும்பு உலக்கை. நலங்குக்கு விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து, அவரே இடித்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரை மாற்றி மாற்றிப் பாய்ச்சிக் கழுவினேன். பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியை எடுத்தேன். பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மாற்றிப் போட்டால் எஞ்சினையே உடைத்துவிடும். பம்பு வந்த அட்டைப் பெட்டியில் அதன் உருவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். அப்பாவின் வேலை டார்ச் பிடிப்பது. அவர் எஞ்சினுக்கு அடிக்காமல் என் முகத்துக்கு அடித்தார். இங்கேப்பா, இங்கே என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் அவர் வேலை செய்ய நான் டார்ச் பிடித்தபோது அவர் என்னைத் திட்டிய அதே வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு இரண்டு பேருக்கும் சிரிப்பு.

கடைசி போல்ட் வர மறுத்தது. பழைய துரு. வலிந்து திருப்பினால் தலை ஒடிந்து உடம்பு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, காரும் இல்லை. எண்ணெய் அடித்தேன். தேநீர் குடித்தேன். சுத்தியலால் மெல்லத் தட்டினேன். மறுபடி எண்ணெய். பாலிடெக்னிக் பட்டறையில் சொல்லிக்கொடுத்ததுபோல் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு முடி அளவு, பிறகு தளர்த்தும் பக்கமாக ஒரு முடி அளவு. க்ரீச் என்று ஒரு சத்தம். ஒடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்பானர் வழுவழுவென்று சுற்றியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்க, அம்மா உலக்கையோடு ஓடிவந்தார்.

பழைய பம்பு கையோடு வந்தது. தண்ணீரைத் தள்ள வேண்டிய அதன் இறக்கைகள் துருப்பிடித்து, கடித்துத் துப்பிய முறுக்கு மாதிரி இருந்தன. இந்த மூளியை வைத்துக்கொண்டா அப்பா எங்களை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போனார் என்று மலைப்பாக இருந்தது. நீர் கசியாமலிருக்க இடையில் வைத்து ஒட்டியிருந்த பழைய காஸ்கெட் தாளைச் சுரண்டி, இரும்பு முகம் கண்ணாடிபோல் ஆகும்வரை துடைத்தேன். புதுக் காஸ்கெட், புதுப் பம்பு. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினைக் கிளப்பினேன். குபுக் குபுக்கென்று காற்று வெளியேறியது. சூட்டைக் காட்டும் முள் மெதுவாக எழுந்து, பாதியில் போய் நின்றது. நின்றது, நகரவே இல்லை. நான் போர்ச்சிலேயே ஆடினேன். அப்பாவின் வெள்ளை பனியனில் என் கை அச்சு பதிந்துவிட்டது.

மாலையில் வந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, போர்ச்சில் நின்று ஓடுவது ஓட்டம் இல்லை என்றார்.

ஞாயிறு காலை. அம்மா பட்டுச்சேலை கட்டி, மடியில் தாம்பூலத் தட்டோடு பின்சீட்டில். அப்பா எனக்குப் பக்கத்தில். நான் ஓட்டினேன். எங்களுக்குப் பின்னால் மாமாவின் இழுவை லோரி. அந்தப் பக்கம் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்பதற்குள் லோரியில் ஏறிவிட்டார். கூரையில் மஞ்சள் விளக்கு வேறு சுற்றிக்கொண்டிருந்தது. ரவாங் சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஏதோ ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். நானும் கும்பிட்டேன்.

அந்தக் காரை ஓட்டுவது எவ்வளவு ஆனந்தம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதுவரை அப்பா யாருக்கும் கொடுத்ததில்லை. ஸ்டீயரிங் பெரிசு, மெல்லிசு. கண்ணாடியை இறக்கினால் காற்று முழுக்க உள்ளே. ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் நாங்கள். என் கையால் மாட்டிய பம்பு என் காலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. சத்தமாகப் பாடினேன். அம்மா பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் காலையிலிருந்தே அதிகம் பேசவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் முள் நகர்ந்தது. முதலில் என் கண்தான் என்று நினைத்தேன். அப்பாவும் பார்த்துவிட்டார். மேடு ஏறுகிறது, அதனால்தான் என்றார். அங்கே மேடே கிடையாது. முள் சிவப்பைத் தொடுவதற்குள், சாலையோரம் ஓர் இளநீர்க் கடை தெரிந்தது. அதன் நிழலில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன்.

லோரியும் ஒதுங்கியது. மாமா இறங்கும்போதே கையில் கொக்கி.

"எறங்குங்க எறங்குங்க. அக்கா, தட்ட எடுத்துக்கிட்டு நீ லோரில ஏறு. பத்திரிகைய நான் கொண்டுபோய் விடுறேன்."

"மாமா, இது படுக்கல. நான்தான் நிறுத்துனேன். ஆறட்டும், நான் பாக்குறேன். அதுவரைக்கும் அந்தக் கொக்கி கிட்ட வரக்கூடாது."

"சூடேறி நின்னா அதுக்குப் பேரு என்னாலா?"

அம்மா பின்சீட்டிலிருந்து, அவ பாக்கட்டும்டா என்று மட்டும் சொன்னார். மாமா கொக்கியைத் தரையில் வைத்துவிட்டு ஓர் இளநீர் வாங்கிக்கொண்டார். அப்பா காரை விட்டு இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு செம்பனைக்குள் பார்த்தபடி நின்றார். பம்பைத் தப்பாக மாட்டிவிட்டேனா? போல்ட் ஏதாவது மாறிவிட்டதா? காஸ்கெட் வழியாக ஒழுகியிருக்குமா? கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

கொஞ்சம் ஆறியதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே கை வைக்க முடியாத சூடு. கீழே, வாய்க்கால் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. அப்படியென்றால் பம்பு தள்ளுகிறது, தண்ணீர்தான் ரேடியேட்டருக்குள் இறங்க முடியாமல் மேலேயே நிற்கிறது. அடைப்பு. ஆனால் நான் கழுவிக் கழுவித் தெளிந்த தண்ணீர் வந்த ரேடியேட்டர் அது. நன்றாக ஆறவிட்டு, துணி போட்டு மூடியைத் திறந்தேன். என் பச்சைக் கூலண்டைக் காணோம். கழுத்து வரை மஞ்சள் களி.

அப்பாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, சத்தியமாக நான் இல்லை, பாக்கெட்டை உன்னிடம் கொடுத்துவிட்டேனே என்றார். மாமாவைப் பார்த்தேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இளநீர்க் காயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் இழுக்குறவன், பாப்பா. கெடுக்குறவன் இல்ல."

"நான்தான் போட்டேன்" என்றார் அம்மா.

எல்லாரும் திரும்பினோம். அவர் தாம்பூலத் தட்டில் வெற்றிலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கவில்லை. காலையில் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது போட்டாராம். நலங்குக்கு இடித்து வைத்த மஞ்சள். கடை மஞ்சள்தான் ஆகாது என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இது கலப்படமில்லாத சுத்தமான மஞ்சள், சாமி கும்பிட்டு இடித்தது.

"எவ்ளோம்மா போட்டீங்க?"

"இருந்தத போட்டேன்."

"எல்லாத்தையுமா? அண்ணன் நலங்குக்கு?"

"அத இன்னொரு தடவ இடிச்சிக்கலாம்." அப்போதுதான் நிமிர்ந்து தன் தம்பியைப் பார்த்தார். "இவன் கொக்கியத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வரேன்னான். இவன் முன்னால உன் காடி ஒழுகிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்."

உன் காடி என்றார். அதுவரை அது உங்கப்பா காடி, அந்தச் சனியன், போர்ச்சை அடைத்துக்கொண்டு நிற்பது. காரை வெளியேற்றச் சட்டம் போட்டவரே, எனக்காக அண்ணனின் கல்யாண மஞ்சளை எடுத்து அதன் வாயில் ஊற்றியிருக்கிறார். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வந்தது சிரிப்பு. சேலையின் மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்க அடக்க முடியவில்லை. காரின் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டேன். மாமா முதலில் இருமுவதுபோல் ஆரம்பித்தார், பிறகு லோரியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் தோள் குலுங்கியது. இளநீர்க் கடை நடத்தும் மலாய் அம்மா, மக்சிக், அரிவாளோடு வெளியே வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மலாயில் எப்படி விளக்குவது? காருக்குள் மஞ்சள் போய்விட்டது என்றேன். அவர் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் வீட்டிலும் போடுவார்கள், ஆனால் மீனுக்கு என்றார். கடைக்குப் பின்னால் குழாய் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ரப்பர் குழாயையும் இழுத்துக் கொடுத்தார்.

கீழ்க் குழாயைக் கழற்றி, தண்ணீரைத் தலைகீழாக, அடியிலிருந்து மேலாகப் பாய்ச்ச வேண்டும். படிந்ததை வந்த வழியே விரட்ட அதுதான் முறை. குழாயைப் பிடித்திருக்கும் கவ்வியைக் கழற்ற என்னிடம் இருந்த இடுக்கி சிறிது. கேட்காமலேயே பக்கத்தில் ஒரு பெரிய இடுக்கி நீண்டது. பிடித்திருந்த கை மாமாவுடையது. அம்மா தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தார். நான் விடு என்றால் விடுவார், பிடி என்றால் மடக்குவார். முதல் விடுதலில் மேல்வாயிலிருந்து மஞ்சள் ஊற்று சீறி எழுந்து மாமாவின் சட்டையை நனைத்தது. அடுத்தது என் சுடிதாரை. புல் மஞ்சள், என் செருப்பு மஞ்சள், முழங்கை வரை மஞ்சள். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. நான் சொல்வதற்கு முன்பே விட ஆரம்பித்தார். பிடிம்மா என்று நான் கத்த, அவர் சின்னப் பெண்போலச் சிரித்தார். பம்பையும் எஞ்சினையும் அதே மாதிரி கழுவினோம். மஞ்சள் வெளிறி, எலுமிச்சைச் சாறு நிறமாகி, கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே வந்தது.

எல்லாவற்றையும் பூட்டி, மிச்சம் வைத்திருந்த கூலண்டோடு தண்ணீர் கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றிக் கிளப்பினேன். நாலு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம், மக்சிக்கையும் சேர்த்தால் ஐந்து. பாதிக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கீழே ரேடியேட்டரைத் தொட்டேன். வெதுவெதுப்பு. மாமாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ம் என்றார்.

பெரியத்தை வீட்டு வாசலில் போய் நின்றபோது, அவர் வெளியே வந்து முதலில் பார்த்தது பத்திரிகையை அல்ல. என் கைகளை.

"கல்யாணம் உங்கண்ணனுக்கா, உனக்கா? நலங்கு முடிஞ்சுதான் வாரியா?"

அம்மா அதற்கும் சிரித்தார். மாமா முன்வந்து, அவளுக்கு இல்லை அத்தாச்சி, எஞ்சினுக்கு நலங்கு, நான்தான் மாப்பிள்ளைத் தோழன் என்று தன் மஞ்சள் சட்டையைக் காட்டினார். பெரியத்தைக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சாப்பாடு ஆறிவிட்டது.

திரும்பும்போது மாமாவுக்கு ஒரு போன் வந்தது. எங்கேயோ ஒரு வேன் நின்றுவிட்டதாம். புக்கிட் ரோத்தான் பக்கம் எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது ஹாரன் அடித்தார். கூரை விளக்கை அணைத்திருந்தார்.

பத்தாங் பெர்ஜுந்தை வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. அந்தக் காரில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அவர் ஓட்டுவார், ஒரு கண் சாலையில், ஒரு கண் முள்ளில். நான் பாடாமல் ஓட்டினேன். முள் அசையவில்லை. ரவாங் நெரிசலில் ஊர்ந்தபோதும் அசையவில்லை. செரண்டாவில் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இறங்கி, சேலையை உதறிவிட்டு, கார் இருக்கட்டும் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை கூடாரம் போட வருகிறார்கள், அதற்குள் போர்ச் காலியாக வேண்டும் என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

சுங்கை சோவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால், கூரை போட்டு, சிமெண்டுத் தரையோடு ஓரிடம் சும்மா கிடந்தது. கடைக்காரரிடம் வாடகை பேசி, திங்கட்கிழமையே அதன் சாவியை வாங்கிவிட்டேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் காரை அங்கே ஓட்டிப்போய் விட்டேன். ஞாயிறு திரும்பி வரும் வழியில் எஞ்சின் தலைப்பக்கம் டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது, வால்வு இடைவெளி அதிகமாகியிருக்க வேண்டும். நேற்று மாலை அதன் மேல் மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே வால்வுகள் எல்லாம் எண்ணெயில் மின்னிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. முதல் இரண்டின் இடைவெளியை அளந்தாயிற்று.